நாற்பதடி நாலு அங்குலம்

1. செந்திலின் போன்

காலை ஒன்பதே காலுக்குப் போன் வந்தது. பேசியது இரும்பு ஃபேப்ரிகேஷன் கம்பெனியின் சூப்பர்வைசர் செந்தில். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், எதையும் நிதானமாகப் பேசுவார். அவசரமெல்லாம் எனக்குத்தான்.

"ஏனுங்க மேடம், லாரி ஒட்டன்சத்திரம் தாண்டிருச்சுங்க. கிரேன் பத்தரைக்கு வந்துருமுங்களா?"

"வந்துரும். சார் சைட்லதான் இருக்காரு."

"சரிங்க. சும்மா ஒரு தடவ செக் பண்ணிக்கறனுங்க. போல்ட்டு இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் நாப்பதடி நாலு அங்குலம் தானுங்களே?"

"ஆமா" என்று சொல்ல வாய் திறந்தவள், அந்த நாலு அங்குலம் காதில் ஏறியதும் நிறுத்திக்கொண்டேன். "பார்த்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்தேன். கம்ப்யூட்டரை ஆன் செய்துவிட்டு, அது திறப்பதற்குள் ஆபீஸ் வாசலுக்கும் மேசைக்கும் நாலு தடவை நடந்துவிட்டேன்.

வரைகிற சாஃப்ட்வேரில் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் நம் வாட்ஸ்அப் டிராயிங் குரூப்பில் ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். "அக்கா, புதுசா என்ன வந்திருக்கு? டிப்ஸ் போடுங்க." நானும் போட்டிருக்கிறேன். பழைய வீட்டு ஃபைலை 'சேவ் ஆஸ்' செய்து புது வீடு வரையாதீர்கள், பழைய வீட்டின் குப்பையெல்லாம் கூடவே வரும் என்று எழுதினேன். பிளானைக் கண்ணாடிபோல் திருப்பிப் போட்டால் கதவு திறக்கும் பக்கத்தைப் பாருங்கள் என்று எழுதினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறந்துவிட்டீர்கள். பரவாயில்லை, நானும் அப்படித்தான்.

இந்தத் தடவையும் புது வெர்ஷன் வந்திருக்கிறது. ஃபைல் சீக்கிரம் திறக்கிறது. இரண்டு டிராயிங்கை ஒப்பிட்டு, மாறிய இடத்தைச் சுற்றி மேகம்போல் வளைகோடு போட்டுக் காட்டுகிறது. செய்தி அவ்வளவுதான். டிப்ஸ் என்று என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதை ஒரு வரியில் சொன்னால் இதற்கும் கட்டை விரலைத் தூக்குவீர்கள். அதனால் நடந்ததையே சொல்கிறேன்.

இருபத்தாறு வருஷமாகத் திண்டுக்கல்லில் பிளான் வரைகிறேன். அதில் பதினெட்டு வருஷம் ஒரே என்ஜினியரிடம். அவர் பெயர் பாண்டியராஜன், நான் சார் என்பது அவரைத்தான். ஒரே சமயத்தில் ஏழெட்டு சைட் ஓட்டுவார், எந்த சைட்டில் என்ன சொன்னோம் என்பது அவருக்கே நினைவிருக்காது. அவருக்கு ஏற்ற ஆள் நான். உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல இருக்க மாட்டேன். திரையில் அந்த வட்டம் சுற்றுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். "இவ கால்ல சக்கரம் கட்டியிருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். பாராட்டாகச் சொல்கிறார் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. ஒரு டபுள் கிளிக்

வேலை இதுதான். தாடிக்கொம்பு போகிற வழியில் தங்கராசு என்பவர் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். அதன் பின்னால் பந்தி நடக்க ஒரு கூடம் கட்டினார். நீளம் எண்பதடி. கிழக்கே ஐந்து இரும்புத் தூண், மேற்கே ஐந்து, மேலே தகரக் கூரை. தூண் நிற்கிற கான்கிரீட் பீடத்தையும் அதில் பதிக்கிற போல்ட்டையும் போடுவது நம் மேஸ்திரி. தூணும் கூரைச் சட்டமும் ஃபேக்டரியில் தயாராகி லாரியில் வந்து அந்த போல்ட்டில் உட்காரும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் அரை நாளில் கூடம் எழும்பிவிடும்.

இரண்டு வரிசைக்கும் நடுவே அளவு முதலில் நாற்பதடி நாலு அங்குலம்தான். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முதல் நாள் சார் சைட்டிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"ஏம்மா, மேக்க காம்பவுண்டுச் செவரு கோணலா வருது. தண்ணி வடியிற தகரம் வைக்க எடம் பத்தல. அந்த வரிசைய நாலு அங்குலம் உள்ள தள்ளிரு. நாப்பதுன்னு ரவுண்டா இருக்கட்டும்."

"சார், பிளான், செக்ஷன், கூரை, எல்லாத் தாளும் மாத்தணும். முக்கால் மணி நேரம் ஆகும்."

"அதெல்லாம் அப்புறம் மாத்திக்கலாம்மா. மேஸ்திரி கீழ நிக்கிறாரு. தாளக் குடு, அவரு கெளம்பணும்."

சாஃப்ட்வேர் தெரியாதவர்களும் இந்தக் குரூப்பில் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் கோட்டை உண்மையான நீளத்திலேயே வரைகிறோம். இரண்டு கோட்டுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தொட்டுக் காட்டினால், எண்ணை அதுவே போட்டுக்கொள்ளும். அதுதான் டைமென்ஷன். ஆனால் அந்த எண்ணின் மேல் டபுள் கிளிக் செய்து நம் இஷ்டத்துக்கு எந்த எண்ணை வேண்டுமானாலும் அடிக்கலாம். எண் மாறும், கோடு நகராது. அது பாட்டுக்குப் பழைய இடத்திலேயே நிற்கும்.

அன்றைக்கு நான் அதைத்தான் செய்தேன். நாற்பதடி நாலு அங்குலத்தின் மேல் டபுள் கிளிக், நாற்பதடி, என்டர். மூன்று நொடி வேலை. நான் மட்டுமா, இந்த ஊரில் செய்யாத டிராஃப்ட்ஸ்மேன் யார்? இத்தனை வருஷம் ஒன்றும் ஆனதில்லை. காரணம், நம் தாளைப் படிப்பவர் மேஸ்திரி. அவர் கோட்டை அளக்க மாட்டார், எண்ணைத்தான் படிப்பார். 'எழுதிய அளவையே பின்பற்றவும், ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது' என்று ஒவ்வொரு தாளின் மூலையிலும் நாமே போடுகிறோம். எண் சரியாக இருந்தால் வீடும் சரியாக வந்துவிடும்.

பிரின்டில் தேதி போட்டு, என் கையெழுத்தைச் சுருக்கிப் போட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரியின் பெயர் சவரிமுத்து. எனக்கு முன்பிருந்தே சாரிடம் இருப்பவர். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வாரேம்மா" என்று வண்டியை எடுத்தார். என்னிடம் வாங்கிய தாளை அவர் ஒரு நாளும் பிரித்துப் பார்த்து, இது சரியா என்று கேட்டதில்லை.

கோட்டை அப்புறம் நகர்த்த வேண்டும் என்று மனதில் இருந்தது. மறுநாள் வேறொரு வேலைக்காக அந்த ஃபைலைத் திறந்தேன். நாற்பதடி என்று இருந்தது. ஓ, நேற்றே மாற்றிவிட்டோம் போல என்று மூடிவிட்டேன். நான் அடித்த பொய்யை நானே நம்பினேன். ஒரு வாரம் கழித்து ஃபேக்டரியிலிருந்து சாஃப்ட் காப்பி கேட்டார்கள். மெயிலில் ஃபைலைத் தட்டிவிட்டேன். அவர்கள் எண்ணைப் படிக்கவில்லை. அவர்கள் கம்ப்யூட்டர் கோட்டைத்தான் படித்தது.

3. அழித்தேன்

செந்திலின் போனுக்குப் பிறகு ஃபைலைத் திறந்து, அந்த எண்ணைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கட்டத்தில் உண்மையான அளவு தெரிந்தது. நாற்பதடி நாலு அங்குலம்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது சாருக்குப் போன் போடுவது. லாரியை வழியிலேயே நிறுத்தியிருக்கலாம். கிரேனுக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இதை எழுதும்போது எல்லாம் வரிசையாகத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. இந்த எண் நான் அடித்தது என்பது இந்த ஃபைலைத் திறந்து தொட்டுப் பார்த்தால் மட்டும்தான் தெரியும். சாருக்கு சாஃப்ட்வேர் தெரியாது, அவர் பிரின்டைத்தான் பார்ப்பார்.

நான் அடித்ததை அழித்தேன். எண் தானாகவே நாற்பதடி நாலு அங்குலம் ஆனது. சேவ் செய்தேன். தப்பைத் திருத்திவிட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு உட்கார முடியவில்லை. டீ போட்டேன், குடிக்கவில்லை. ஜன்னலில் நின்று பழனி ரோட்டில் போகிற லாரியையெல்லாம் பார்த்தேன். முருங்கைக்காய் லோடு, தக்காளி லோடு, ஒரு மாட்டு லாரி. தார்பாய் போர்த்திய இரும்பு லோடு ஒன்று போனது. அதுதானா என்று தெரியவில்லை. செந்திலுக்குத் திரும்பப் போன் போடவும் இல்லை. போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். பதினொன்று ஆவதற்குள் சார் கூப்பிட்டார்.

"இந்தாம்மா, போல்ட்டு சேரல. மேக்க வரிசை பூராம் நாலு அங்குலம் வெலகி நிக்கிது. நீ ஃபைலத் தொறந்து பாரு, என்ன போட்டுருக்கு?"

"நாற்பதடி நாலு அங்குலம் சார்."

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன மோசமான பொய் அதுதான்.

"அப்ப மேஸ்திரிதான் சொதப்பியிருக்காரு. ஒரு பிரின்ட் எடுத்துக்கிட்டு ஒடனே வா."

4. மேற்கு வரிசை

கரூர் ரோட்டில் ஸ்கூட்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. ஒரு பஸ்காரர் ஜன்னல் வழியே திட்டிக்கொண்டே போனார். சைட்டுக்குப் போனபோது கிரேன் ஒரு தூணைத் தூக்கி அந்தரத்தில் பிடித்தபடி நின்றது. தங்கராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தார். அன்றிலிருந்து பதினைந்தாம் நாள் அந்தக் கூடத்தில் அவர் தங்கச்சி மகள் கல்யாணப் பந்தி.

சார் நான் கொண்டுபோன பிரின்டை வாங்கிப் பார்த்தார். சவரிமுத்து அண்ணன் தன் பையிலிருந்து பழைய தாளை எடுத்துப் பிரித்தார். சிமென்ட் பட்டு மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. ஓரத்தில் என் கையெழுத்து இருந்தது.

"சார், நாப்பதுன்னுதான போட்டுருக்கு. அம்மா குடுத்த தாளுதான் இது."

"மேஸ்திரி, ஃபைல்ல நாப்பதே நாலு இருக்கு. ஃபேக்டரிக்குப் போனதும் அதான். நீங்க, முன்னாடி நாங்க குடுத்த பழைய தாள வச்சு வேலை பாத்துட்டீங்க. புதுசு ஒண்ணு வந்துருக்கும், எங்கேயோ விட்டுட்டீங்க" என்றார் சார்.

தங்கராசு குறுக்கே வந்தார். "இவரு பெரிய வேலக்காரருன்னுல்ல சொன்னீக? டேப்பு பிடிக்கத் தெரியாத ஆளுகிட்டயா எம் மண்டபத்தக் குடுத்தீக? நாளைக்கி இந்தாளு இங்க வேணாம் சார். வேற ஆளு போடுங்க."

அண்ணன் சண்டை போடுவார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கும் சார்" என்றார் மெதுவாக. "கம்ப்யூட்டர்ல இருக்கிறது தப்பாவா இருக்கும்? ரெண்டாவது தாளு ஒண்ணு வந்துச்சோ என்னமோ. எம் புத்திக்குத்தான் எட்ட மாட்டேங்குது."

அறுபது வயசு மனுஷன். போல்ட்டுக்குப் போல்ட்டு நூல் பிடித்து, ரசமட்டம் பார்த்து வைத்தவர். வராத தாள் ஒன்று வந்ததாக நம்பத் தொடங்கிவிட்டார், என் கம்ப்யூட்டரின் மேல் இருந்த மரியாதையில். அப்போதும் வாய் திறக்கவில்லை. அந்த இடத்தில் நான் எத்தனை நிமிஷம் நின்றேன் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

"சரி, பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றார் சார். "மேக்க வரிசைய ஒடச்சு நாலு அங்குலம் வெளிய தள்ளிப் போடுங்க. ஆரம்பிங்க."

அண்ணன் ஆளை அனுப்பவில்லை. தன் தப்பு என்று நினைத்ததால் தானே சம்மட்டியை எடுத்துக்கொண்டு முதல் பீடத்துக்குப் போனார். அந்த ஐந்து பீடமும் ஒரு நூல் பிசகாமல் சரியாக இருந்தன. அந்த சைட்டில் சரியாக இருந்ததே அவை மட்டும்தான்.

"அண்ணே, ஒடைக்காதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் கிரேன்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"எது தப்புன்னா கூரைச் சட்டந்தான் தப்பு. உங்க போல்ட்டு சரியா இருக்கு. சார், நாப்பதுன்னு போடச் சொன்னது நீங்க. காம்பவுண்டு கோணலா இருக்குன்னு வந்தீங்க. நான் கோட்ட நகத்தாம எண்ண மட்டும் மாத்தி அடிச்சேன். இன்னிக்குக் காலையில அதயும் அழிச்சுட்டேன். ரெண்டாவது தாளுன்னு ஒண்ணு கெடையவே கெடையாது."

சார் காம்பவுண்டுச் சுவரைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு எல்லாம் ஞாபகம் வருவது முகத்திலேயே தெரிந்தது. "காலையிலயே தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். தங்கராசு என்னைத் திட்டினார். அதை இங்கே எழுத வேண்டியதில்லை, வாங்க வேண்டியதைத்தான் வாங்கினேன். ஆனால் மேஸ்திரியைப் பற்றிச் சொன்னதை அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. வேறு ஆள் போடவும் சொல்லவில்லை, அதோடு சரி.

சவரிமுத்து அண்ணன் சம்மட்டியைக் கீழே வைத்தார். எனக்கு நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? உள்ளுக்குள் எதிர்பார்த்தேன்தான், மறைப்பானேன். அவர் அந்தக் கிழிந்த தாளை என் முன்னால் நீட்டினார்.

"ஏம்மா, அப்ப இதுக்கு முன்னாடி குடுத்த தாளெல்லாம்?"



5. டிப்ஸ்

கூரைச் சட்டம் திரும்ப ஃபேக்டரிக்குப் போனது. நாலு அங்குலம் வெட்டி, மறுபடி வெல்டிங் வைத்து வந்து சேர இருபது நாள் ஆயிற்று. தங்கராசு தங்கச்சி மகள் கல்யாணப் பந்தி வெயிலில், சாமியானாவுக்குக் கீழே நடந்தது. நானும் போயிருந்தேன், கூப்பிட்ட மரியாதைக்கு. சாம்பாரில் வியர்வை சொட்டச் சொட்டச் சாப்பிட்டவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டே பாதியில் இலையை மூடினேன்.

அண்ணன் கேட்ட கேள்வி என்னை உட்கார விடவில்லை. பழைய ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். மேலே அடித்த எண்களை மட்டும் வடிகட்டி எடுக்கப் பழைய வெர்ஷனிலேயே வழி இருக்கிறது. 'குயிக் செலக்ட்' என்று இருக்கும். டைமென்ஷனைத் தேர்ந்தெடுத்து, அதில் எண்ணைக் கையால் அடித்தவற்றை மட்டும் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்ததைச் சிவப்பாக்கிவிடுங்கள். நான் செய்து பார்த்தேன். முதல் ஃபைலில் மூன்று. அடுத்ததில் பதினொன்று. வத்தலக்குண்டில் கட்டிய ஒரு கிளினிக்கின் ஃபைல் திரை முழுக்கச் சிவப்பு. ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடங்கள், எல்லாம் மேஸ்திரிகள் எண்ணைப் பார்த்துச் சரியாகவே கட்டியவை. எதுவும் விழாது. ஆனால் நாளைக்கு அதன் மேல் மாடி போடவோ பக்கத்தில் இழுத்துக் கட்டவோ யாராவது அந்த ஃபைலைத் திறந்தால், கட்டாத ஒரு கட்டடத்தின் மேல்தான் வரைவார்கள். வாரத்துக்கு நாலு ஃபைல் வீதம் கோடுகளை நகர்த்திக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை.

நீங்களும் இன்றைக்கே செய்யுங்கள். அதோடு, வெளியே ஒரு ஃபைல் அனுப்புவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நம் தாளை மனுஷர் மட்டும் படித்த காலம் போய்விட்டது. மெஷினுக்கு நீங்கள் அடித்த எண் தெரியாது. அளவு மாறினால் கோட்டை நகர்த்துங்கள். கீழே யார் காத்திருந்தாலும் காத்திருக்கட்டும்.

அடுத்த வேலை சின்னாளப்பட்டியில் ஒரு வீடு. தாள் தயாரென்று அண்ணனுக்குப் போன் போட்டேன். எப்போதும் கீழே வண்டியில் இருந்தபடியே ஹார்ன் அடிப்பவர், அன்றைக்கு முதல் தடவையாக மாடி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தாளை வாங்கவில்லை.

"கோவிச்சுக்காதீகம்மா. கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணாத் தொட்டுக் காட்டுங்க. நான் பாத்துக்கிறேன்."

தொட்டேன். பக்கத்துக் கட்டத்தில் வருகிற அளவைப் படித்தேன். அவர் தாளில் இருக்கிற எண்ணை விரல் வைத்துப் பார்த்து "ம்" என்றார். அடுத்தது. மறுபடி "ம்". அறுபத்து மூன்று எண்கள். ஐம்பது நிமிஷம். என் கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்தது. எழுந்து ஜன்னல் வரை போய் வர வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

கடைசி எண் முடிந்ததும் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "வாரேம்மா" என்றார், எப்போதும் போலத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலைக்கும் மாடி ஏறி வருகிறார், ஒவ்வொரு எண்ணையும் தொட்டுக் காட்டச் சொல்கிறார். அவருக்கு முட்டி வலி. படி ஏறுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. வர வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை.